ஒரு ஹெட்போனுக்கான கேள்விப்பத்திரம்

கண்ணுக்கு இமை வைத்த கடவுள் காதுக்கு மூடி வைக்க மறந்துவிட்டார். டெண்டர் எனப்படும் கேள்விப்பத்திரம் கோராமல், மதிப்பீட்டுக் குழுவைக் கூட்டாமல், தன்னந்தனியாக அவசரப்பட்டுச் செய்த வேலை வேறு எப்படி இருக்கும்? யுகம் யுகமாகத் தொடர்ந்த இந்த நிர்வாகக் குறைபாட்டைத் திருத்தும் பெருமை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஐந்தாம் மாடியில் வசிக்கும் திருவாளர் பொன்னம்பலத்துக்கே கிடைத்தது.

பொன்னம்பலம் ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர். எந்தத் திணைக்களத்துக்கு என்று கேட்கக்கூடாது. அங்கே முப்பத்திரண்டு வருடம் இருந்த அவரே அதைத் திட்டவட்டமாகச் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருப்பதற்குச் சம்பளம் தந்த இடம்தான் போய்விட்டதே! ஆகவே 'உலகத் தமிழர் செவிசாய்ப்புப் பேரவை' என்ற ஒன்றைத் தொடங்கி, அதன் தலைவராகத் தம்மைத் தாமே ஏகமனதாகத் தெரிவு செய்தார். மாதமொருமுறை ரொறன்ரோ, லண்டன் அன்பர்கள் சூமில் கூடி, இலங்கையில் யாருடைய குரல் கேட்கப்படவில்லை என்று கவலைப்படுவார்கள். இம்முறை வெள்ளிக்கிழமை மாலை, தலைவரின் பேருரை. தலைப்பு: 'மலையகத்தின் குரலுக்குச் செவிசாய்ப்போம்.'

போன மாதக் கூட்டத்தில் ஓர் அவமானம் நடந்திருந்தது. தலைவர் ஒடுக்கப்பட்டோருக்காகத் தொண்டை தழுதழுத்த நேரம் பார்த்து, கீழே தெருவில் பாண் ரொட்டி விற்கும் ஓட்டோ தன் ஒலிபெருக்கிப் பாட்டைப் போட்டுவிட்டது. "தலைவர், பின்னாலை ஐஸ்கிறீம் வானோ?" என்று ரொறன்ரோ கேட்டது. லண்டன் சிரித்தது.

"ஒரு புளூடூத் ஹெட்போன் வாங்குங்கோவன், அப்பா. போனோடை நான் சேத்துவிடுறன். அஞ்சு நிமிச வேலை" என்றாள் மகள் மிதுனா. வங்கியில் வேலை பார்க்கும் பிள்ளை. ஐந்து நிமிடமாம்! அரச நடைமுறை தெரியாத தனியார் துறைப் புத்தி.

பொன்னம்பலம் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். காலி வீதியில் ஹமீட்டின் கடைக்குத் தினமும் போனார்.

"பற்றரி எத்தினை மணித்தியாலம் நிக்கும்?"

"முப்பது, சேர்."

"எழுத்திலை தருவீரோ?"

"பெட்டிலயே எழுதி ஈக்குது, சேர்."

"பெட்டி கையொப்பம் வைக்குமோ? சரி, போன் ஹோலுக்கை இருந்தால் குசினிக்கை கேக்குமோ?"

"கேக்கும்."

"கக்கூசுக்கை?"

"அங்கயும் கேக்கும், சேர். வெளிச் சத்தம் ஒண்டும் உள்ளுக்கு வராது. பக்கத்துல ஆள் நிண்டு கத்தினாலும் கேக்காது."

இதைக் கேட்டதும் பொன்னம்பலத்தின் முகம் மலர்ந்தது. இருபத்தோராம் நாள் ஹமீட் மூன்று பெட்டிகளை எடுத்து அவர் கையில் திணித்தார். "மூணையும் வூட்டுக்குக் கொண்டு போங்க, சேர். போட்டுப் பாத்து, ஒண்ட எடுத்துக்கொண்டு ரெண்டத் தாங்க. அல்லாவுக்காகப் போங்க. வார ஆக்கள் எல்லாம் உங்களப் பாத்துத் திரும்பிப் போறாங்க."

வீட்டில் 'தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு' உடனே அமைக்கப்பட்டது. தலைவர் பொன்னம்பலம். உறுப்பினர் அவருடைய மனைவி இரத்தினம்மா. பகலில் வங்கிக்குப் போய்விடும் மிதுனாவைத் தவிர அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார், ஆனால் அவர் குழுவில் இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, ஒன்பது வருடமாகச் சமைத்துத் துவைத்துக் கூட்டிப் பெருக்கும் சீனியம்மா. தன் மகள் ஜெயராணியின் பிள்ளைப்பேற்றுக்குப் போக வேண்டுமென்று அவள் லீவு கேட்டதும் இதே மூன்று வாரத்துக்கு முன்னர்தான். விண்ணப்பம் 'பிறகு கதைப்பம்' என்ற கட்டத்தில் நின்றது.

திங்கட்கிழமை காலை முதற் சோதனை. ஹெட்போன் எதுவும் போடாமல், வெறும் காதோடு. "அடிப்படை அளவு இல்லாமல் எதை எதோடை ஒப்பிடுறது?" என்று இரத்தினம்மாவுக்கு விளக்கினார். பதிவேட்டில் நான்கு சத்தங்கள்: கோச்சி, மிக்சி, பாண் ஓட்டோ, மனிதக் குரல். ஒவ்வொன்றும் எவ்வளவு கேட்கிறதென்று பத்துக்குப் புள்ளி. கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனது. பக்கத்து வீட்டு மிக்சி உறுமியது. பாண் ஓட்டோவும் பாடி முடித்தது.

அந்நேரம் சீனியம்மா தேத்தண்ணியோடு வந்தாள். "ஐயா, சனிக்கிழம ஜெயராணிக்கு ஆப்பரேசனாம். மாமியாரும் இல்ல, புருசன் கட்டார்ல. அவளுக்கு நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழம வெள்ளன கோச்சிக்கு அனுப்பிருங்க, ஐயா."

பொன்னம்பலம் ஒரு மிடறு குடித்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, பதிவேட்டின் கடைசி வரியை நிரப்பிக் கையொப்பமிட்டார். அடேயப்பா, என்ன ஒருமுகப்பாடு! வேலை பார்த்த கந்தோரிலும் இப்படித்தானாம். மேசைக்கு முன்னால் ஆள் மூன்று மணித்தியாலம் நின்றாலும் ஐயாவின் கவனம் கலையாதாம்.

செவ்வாய்க்கிழமை பிரதான சோதனை. தலைவர் காதில் ஒன்று, உறுப்பினர் காதில் ஒன்று, மாற்றி மாற்றி. கோச்சி ஆறாகக் குறைந்தது, மிக்சி நாலாக. மனிதக் குரலுக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. குழுவினரே கத்தினால் நடுநிலை கெட்டுவிடும் அல்லவா? குசினியிலிருந்து சீனியம்மா அழைக்கப்பட்டாள்.

"இதிலை நிண்டு கதை" என்றார் பொன்னம்பலம்.

"என்னாத்த பேசுறது, ஐயா?"

"மனதிலை கிடக்கிறதைக் கதை. பயப்பிடாதை, எங்களுக்கு ஒண்டும் கேக்காது."

பேச்சுச் சுதந்திரத்தை இதைவிடத் தாராளமாக எந்த எசமானர் வழங்கியிருக்கிறார்?

முதலாவது ஹெட்போன். சீனியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சனிக்கிழம ஆப்பரேசன், ஐயா. நான் போகணும்."

பொன்னம்பலம் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டி எழுதினார்.

இரண்டாவது. "போன வருசமும் இப்புடித்தான் கேட்டேன். பொறகு கதைப்பம்னீங்க. மொத புள்ள தங்கல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள பொதச்சிட்டாங்க. அது மொகத்தக்கூட நான் பாக்கல, ஐயா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரத்தினம்மா மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்தினார். ஒரு சொல்லும் உள்ளே வரவில்லையாம்.

மூன்றாவது. "இந்தவாட்டி வெள்ளிக்கிழம வெள்ளன நான் போறேன். போகட்டுங்களா?"

பொன்னம்பலம் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு கட்டைவிரலையும் தூக்கி, "திறம்! சரியான திறம்!" என்றார். சீனியம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குசினிக்குப் போனாள்.

மூன்றாவது கருவி ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டது. அதன் நிறம் தலைவர் உட்காரும் கதிரையின் உறைக்குப் பொருந்துகிறது என்று உறுப்பினர் தனிக் குறிப்பு எழுதினார். வியாழக்கிழமை முழுவதும் தலைவர் அதை மாட்டிக்கொண்டு பேருரையை ஒத்திகை பார்த்தார். "அந்தத் தாய்மாரின் பெருமூச்சு இன்னும் எத்தனை காலம்…" என்ற இடத்தில், இராச்சமையலை முடித்த சீனியம்மா பையோடு வாசலில் நின்று, விடியற்காலைக் கோச்சிக்குப் போய்வருகிறேன் என்றாள். குறுக்கே வராதே என்று அவர் கையை அசைத்தார். அவளும் தலையசைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளி காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணி வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. குசினியில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"சொல்லாமல் கொள்ளாமல் போட்டாள்!" என்று இரத்தினம்மா தலையில் கைவைத்தார். "ஒன்பது வருசம் கூடப்பிறந்தவள் மாதிரி வைச்சிருந்தனாங்கள்! இந்தச் சனத்துக்கு நன்றி எண்டு ஒண்டு இருக்கே?"

பொன்னம்பலம் ஹெட்போனை மாட்டினார். புதுக் கருவியின் முதல் உத்தியோகபூர்வ அழைப்பு சீனியம்மாவுக்குப் போனது. மறுமுனையின் கோச்சிச் சத்தம், வடைக்காரன் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய குரல் கணீரென்று காதுக்குள் இறங்கியது. ஒன்பது வருடத்தில் அவளுக்கு இப்படியொரு குரல் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏன் சொல்லாமல் போனனீ?"

"சொன்னேங்களே, ஐயா. செவ்வாக்கிழம மூணு வாட்டி சொன்னேன். நீங்கதான் ரெண்டு கட்டவெரலையும் தூக்கிக் காட்டி, பொஸ்தகத்துல எழுதுனீங்க."

"ஹெட்போன் போட்டிருக்கேக்கை சொன்னால் எப்பிடியடி கேக்கும்? போடாத நேரத்திலை சொல்லியிருக்க வேணும்!"

"திங்கக்கிழமயும் சொன்னேன், ஐயா. தேத்தண்ணி கொண்டாந்தப்ப. அன்னிக்கு உங்க காதுல ஒன்னும் இல்லியே."

"திங்கட்கிழமை சொன்னாளாம்!" பொன்னம்பலம் வீட்டாரைப் பார்த்து இரைந்தார். "பச்சைப் பொய்! பதிவேட்டிலை எல்லாம் கிடக்கு. மிதுனா, எடுத்து வாசி. அவளும் கேக்கட்டும்."

மிதுனா முதற் பக்கத்தைத் திறந்தாள். "திங்கட்கிழமை. கருவி: வெறும் காது. கோச்சி பத்து. மிக்சி ஒன்பது. பாண் ஓட்டோ எட்டு." பிறகு நிறுத்திவிட்டாள்.

"வாசி பிள்ளை, ஏன் நிக்கிறாய்?"

"மனிதக் குரல், சீனியம்மா: பூச்சியம். உங்கடை கையொப்பம் இருக்கு, அப்பா."

கோச்சி சிக்னல் இல்லாத இடத்துக்குள் நுழைந்ததோ என்னவோ, தொடர்பு அறுந்தது. மிதுனா பதிவேட்டை மூடி அவர் மடியில் வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். தனக்கு மட்டும்.

அன்று மாலைப் பேருரை மிகச் சிறப்பாக நடந்தது, ரொறன்ரோ கண்கலங்கியது. ஆனாலும் நடைமுறைப்படி ஒரு பிழை நேர்ந்துவிட்டதை இங்கே பதிவு செய்யாமல் விடமுடியாது. பதிவேட்டில் பூச்சியம் வாங்கிய அந்த ஒரு சத்தத்தை அடியோடு மறிக்கும் கருவி பொன்னம்பலத்திடம் அறுபத்துமூன்று வருடமாக இருந்திருக்கிறது; பற்றரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், புளூடூத்தும் வேண்டாம். கேள்விப்பத்திர விதிகளின்படி, தெரிவாகியிருக்க வேண்டியது அவருடைய சொந்தக் காதுகள்தான்.