உதடு ஒட்டாத பாஷை

துண்டுக்குள் கையை விட்டதுதான் வினையாகப் போயிற்று.

சங்கரலிங்கத்துக்கு அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் மண்டி. சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல் விலை பேச வேண்டுமென்றால் துண்டை விரித்து, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவது அவருக்கு அப்பா காலத்துப் பழக்கம். அந்தப் பழக்கம் இருந்த தைரியத்தில், மகள் சுகப்பிரியாவைப் பெண் பார்க்கப் பந்தல்குடியிலிருந்து வந்தவர்கள் முன்னாலேயே மனைவி முத்துமாரியம்மாளின் கையைத் துண்டுக்குள் இழுத்து, 'ஒனக்குப் பிடிச்சிருக்கா?' என்று நடுவிரலை அழுத்திக் கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்கா வெல பேசுறீக?" என்றார். அத்தோடு எழுந்தவர்கள்தான். போன வேகத்தில் சங்கரலிங்கத்தின் புதுச் செருப்பில் ஒன்றும் அவர்களோடு போய்விட்டது.

அதற்கு முந்தி வந்தது பாலவனத்தத்து வரன். அப்போது துண்டெல்லாம் இல்லை. புருசனும் பெண்டாட்டியும் உள்ளறைக்குப் போய்க் குசுகுசுவென்று கலந்து பேசினார்கள். வெளியே வந்து பார்த்தால் நாற்காலிகள்தான் இருந்தன. 'பொண்ணுகிட்ட என்னத்தையோ மறைக்கிறாக' என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போனார்களாம்.

கலந்து பேசாமல் முடிவு சொல்லவும் சங்கரலிங்கத்தால் ஆகாது. மண்டியில் ஒரு லோடு வத்தலை மோந்து பார்த்தே முடிவு சொல்லிவிடுவார். வீட்டில் ஒரு விளக்குமாறு வாங்குவதென்றாலும் முத்துமாரியம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டும். வந்தவர்களோ அந்த இடத்திலேயே பதிலை எதிர்பார்ப்பார்கள். சரியென்றால் இலை போட்டுக் கை நனைப்பார்கள். இல்லையென்றால் காபியோடு கிளம்புவார்கள். இரண்டு முறையும் வடித்த சோறு அப்படியே மிஞ்சியதில் தெரு நாய்களுக்குத்தான் விருந்து.

"உள்ள போயிப் பேசுங்கன்னு சொன்னதும் நீதான், துண்டப் போடுங்கன்னு சொன்னதும் நீதான்" என்று மகளிடம் சலித்துக்கொண்டார்.

"நல்லதுக்குத்தானப்பா சொன்னேன்."

சுகப்பிரியா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து, ஜப்பான்காரனோடு அவன் பாஷையிலேயே பேசுவாள். சாயங்காலமும் பேசுவாள், ஞாயிற்றுக்கிழமையும் பேசுவாள். 'பாவம், அந்த ஊர்ல லீவே விட மாட்டாக போல' என்று முத்துமாரியம்மாள் இரக்கப்படுவாள். சங்கரலிங்கத்துக்கு இதில் பெருமை தாங்காது. மண்டிக்கு வருகிறவனிடம் வத்தல் விலையைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்.

"அப்பா, ஒங்களுக்குன்னு நான் ஒரு பாஷை செஞ்சு தரவா?" என்றாள் சுகப்பிரியா. "அவுக முன்னாடியே நீங்களும் அம்மாவும் பேசிக்கிரலாம். யாருக்கும் ஒண்ணும் புரியாது."

"பாஷைய யாராச்சும் செய்வாகளா? அது என்ன சேவா?"

"சேவு மாதிரிதான். மொதல்ல மாவு பெசையணும். மாவுன்னா சத்தம். அப்பறம் அச்சு. அச்சுன்னா இலக்கணம்."

சேவு என்றதும் சங்கரலிங்கத்துக்குப் பிடித்துப்போயிற்று. அன்று மத்தியானமே மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

முதல் சிக்கல் சத்தத்தில் வந்தது. முத்துமாரியம்மாள் வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். ப, ம என்று உதடு ஒட்டிப் பிரிந்தால் எதிரே இருப்பவர் சட்டை சிவந்துவிடும்.

"இதுல உதடே ஒட்டாதும்மா" என்றாள் மகள். "பக்கத்துல இருக்கவுகளுக்குப் பேசுறதே தெரியாது."

"ழானா உண்டுல்ல?" என்றார் சங்கரலிங்கம். "தமிளுக்கே அதுதானத்தா பெருமை." ழானாவை ளானாவாகத்தான் சொன்னார். சுகப்பிரியா மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதில் ழ கிடையாது என்றாள்.

சொற்கள் கடகடவென்று வந்தன. 'கிசோ' என்றால் பையன். 'லிக்கா' என்றால் மூக்கு. எதையும் இரண்டு தரம் சொன்னால் பெரிசு என்று அர்த்தம். 'தெனே' என்றால் பிடித்திருக்கிறது. கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்து 'தெனேஸ்' என்றால் பிடிக்கவில்லை.

"எங்கயோ கேட்ட சத்தமா இருக்கே" என்றாள் முத்துமாரியம்மாள்.

"ஜப்பான் பாஷையில இருந்து கொஞ்சம் உருவுனேம்மா."

அடுத்தது 'தோ'. நீ, நீங்கள், அவன், அவர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.

"இதென்ன, நாயக் கூப்புடுற மாதிரி" என்றார் சங்கரலிங்கம். "மரியாதையா ஒரு சொல்லு போடு."

"ரெண்டு பேர் மட்டும் பேசுற பாஷையில மரியாதை எதுக்குப்பா?"

"மூணு பேருல்ல?"

"ஆமா ஆமா, மூணு பேரு."

சங்கரலிங்கத்துக்கும் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை அரித்தது. கொஞ்சம் யோசித்தார். "எங்க யாவாரத்துல ஒண்ணு உண்டு. சரக்கு பிடிச்சிருக்கும், ஆனா மூஞ்சியில காட்டிக்கிறக் கூடாது. அதச் சொல்ல ஒங்க இலக்கணத்துல வழி இருக்கா?"

சுகப்பிரியா வாயைப் பிளந்தாள். "இது எங்களுக்குத் தோணவே இல்லையேப்பா."

"எங்களுக்கா?"

"எனக்குப்பா, எனக்கு."

சொல்லுக்குப் பின்னால் 'லோ' சேர்ப்பதென்று முடிவாயிற்று. 'தெனேலோ' என்றால், பிடித்திருக்கிறது, ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன். எல்லாம் ஒத்துவந்தால் கடைசியில் இதைத்தான் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் வாயில் வரக்கூடாது என்று சங்கரலிங்கம் மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒரு பாஷைக்கே தான் இலக்கணம் செய்துவிட்டதாக அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டார்.

பழகப் பழகத்தான் வம்பு தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க', 'ஏங்க' என்றே காலத்தை ஓட்டிய முத்துமாரியம்மாள், 'தோ' என்று கூப்பிட்டு ருசி கண்டுவிட்டாள். குழம்பில் உப்பில்லை என்றால் 'தோ', கரண்டு பில்லு கட்டவில்லை என்றால் 'தோ'. தமிழில் வாய்க்குள் முணுமுணுத்ததையெல்லாம் இந்தப் பாஷையில் வெளிப்படையாகவே சொன்னாள். சங்கரலிங்கம் பதில் சொல்லச் சொல்ல அவருக்கும் பாஷை தண்ணீர்பட்ட பாடாயிற்று. மண்டியில் வீரசோழன் வியாபாரி ஒருவரிடம் வாய் தவறி 'தெனேஸ்' என்றுவிட்டு, தும்மல் என்று சொல்லிச் சமாளித்தார்.

மூன்றாவது வரன் திருச்சுழியிலிருந்து வந்தது. சுகப்பிரியாவின் போனில் இருக்கிற கல்யாண ஆப்பில் கிடைத்த வரன். பையன் உதயகுமார், அவனுக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அப்பா இல்லை. திருச்சுழியில் ஜவுளிக்கடை நடத்தும் அம்மா தங்கச்செல்வியும், நெற்றி நிறைய விபூதியோடு தாய்மாமன் மாரீஸ்வரனும் கூட வந்தார்கள்.

இதுவும் போனால் அடுத்து ஊரில் ஒருவரும் படியேற மாட்டார்கள் என்பது சங்கரலிங்கத்துக்குத் தெரியும். அடுக்களையில் சோறு வெந்துகொண்டிருந்தது. முதலில் பெருமையில் ஆரம்பித்தார்.

"எம்மக ஜப்பான்காரன்கிட்ட அவன் பாஷையிலயே பேசுவா."

"அப்பிடியா?" என்றாள் தங்கச்செல்வி. உதயகுமாருக்குப் புரையேறியது.

சுகப்பிரியா காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். 'இவன் வாயே தொறக்கலையே, ஊமையா?' என்று சங்கரலிங்கம் புதுப் பாஷையில் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அது மண்டியில் ஏலம் கூவிய தொண்டை. கூடமே திரும்பிப் பார்த்தது.

"என்னமோ சொன்னீகளே?" என்றார் மாரீஸ்வரன்.

சங்கரலிங்கத்துக்கு வேர்த்தது. "அது வந்து... எங்க குலசாமிக்கு வேண்டுதலு. நல்ல காரியத்துக்கு முந்திச் சொல்லிக்கிர்றது."

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். மாரீஸ்வரன் பக்திமான். எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். "சாமி காரியம். சத்தமாவே சொல்லுங்க. நானும் கூடச் சொல்லுறேன்."

இதற்குள் உதயகுமார் திடீரென்று பேச ஆரம்பித்திருந்தான். இந்த வருசத்து மழை, திருச்சுழி ரோடு, காலை பஸ்ஸு, மத்தியான பஸ்ஸு என்று நிறுத்தாமல் பேசினான்.

முத்துமாரியம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். 'தொறந்தவன் மூட மாட்டேங்கிறானே' என்றாள் அதே பாஷையில்.

மாரீஸ்வரன் அதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உதயகுமார் பாதி வாக்கியத்தில் நிறுத்தினான். குறிப்பறிந்து நடக்கிற பையன் என்று சங்கரலிங்கம் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

'கிசோ சரிதான். மூக்குத்தான் பெரிசு' என்று முத்துமாரியம்மாள் தொடர்ந்தாள். "லிக்கா லிக்கா."

"லிக்கா லிக்கா" என்றார் மாரீஸ்வரன் உருக்கமாக. அந்தச் சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, "லிக்கா லிக்கா, லிக்கா லிக்கா" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். உதயகுமார் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினான். தங்கச்செல்வி முந்தானையை வாயில் வைத்துக் குனிந்தாள். தோள் குலுங்கியது.

"அக்காவுக்கு அருள் வருது" என்று மாரீஸ்வரன் பதறினார். "துண்ணூறு எடுங்க."

முத்துமாரியம்மாள் ஓடிப்போய் விபூதித் தட்டை எடுத்து வந்தாள். தங்கச்செல்வியின் நெற்றியில் அள்ளிப் பூசினாள். பூசப் பூச அந்தம்மாளுக்குக் குலுக்கல் கூடியது. கதவோரம் நின்ற சுகப்பிரியா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

ஒருவழியாகக் குலுக்கல் அடங்கியது. மாரீஸ்வரன் உட்கார்ந்தார்.

"சாமியே வந்து நின்னுருச்சு. எங்களுக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

எல்லோரும் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் முத்துமாரியம்மாளைப் பார்த்தார். 'எனக்குச் சம்மதம். தோ என்ன யோசிக்கிற?' என்றாள் அவள்.

சங்கரலிங்கம் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயில் வேறு என்னவோ வந்தது. தமிழென்றால் அதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆம்பிளை, நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? இந்தப் பாஷைக்குத்தான் மானம் மரியாதை கிடையாதே.

'பையன் தங்கமான பையன்தான். கொறை ஒண்ணும் இல்ல. எம்பிள்ளைய அனுப்பத்தான் மனசு வர மாட்டேங்குது. மாடிப்படியில அது பேசுற சத்தம் இல்லாம, இந்த வீட்ல நான் எப்பிடி இருப்பேன்?'

மாரீஸ்வரன் அதையும் கைகூப்பிக்கொண்டு வரி வரியாகத் திருப்பிச் சொன்னார். தன் துக்கத்தை இன்னொருவர் வாயால் கேட்டதும் சங்கரலிங்கத்துக்குத் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. வத்தல் நெடி என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

உதயகுமார் தலை நிமிரவில்லை. சுகப்பிரியா சுவரைப் பார்த்தபடியே அழுதாள். தங்கச்செல்வியும் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அவள் நெற்றி விபூதி கொஞ்சம் மூக்கில் உதிர்ந்தது. பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, சங்கரலிங்கத்தை நேராகப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"தெனேலோ."

தம்பியைப் போல இந்தம்மாளும் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாள் என்றுதான் சங்கரலிங்கம் முதலில் நினைத்தார். அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சொல்லை அன்றைக்கு அந்த வீட்டில் யாருமே சொல்லவில்லை. அது அவரே செய்த சொல். அவர் மகளைப் பார்த்தார். மகள் உதயகுமாரைப் பார்த்தாள். உதயகுமார் தன் செருப்பு கிடக்கிற திசையைப் பார்த்தான்.

"எலையப் போடச் சொல்லுங்க சம்மந்தி" என்றாள் தங்கச்செல்வி. "ஒங்க மககிட்டப் பேசுற ஜப்பான்காரன் ரெண்டு வருசமா எங்க வீட்டு மாடியிலதான் குடியிருக்கான்."