மாமனார் மீது ஒரு நள்ளிரவுத் தாக்குதல்

மாமனாரோடு மல்லுக்கட்டிய மாப்பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இருபது பேர் படையோடு போய் அவரைத் தாக்கியவன் அநேகமாக நான் ஒருத்தன்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்போது சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வரலாற்று வாத்தியார். ஆண்டு விழா நாடகத்தில், பாளையக்காரர் படை நள்ளிரவில் கும்பினிக்காரன் கூடாரத்தில் புகுந்து அடிக்க வேண்டும். எழுதியது, இயக்கியது, தளபதி வேஷம் எல்லாம் ஐயாதான். (நள்ளிரவு என்பது சாயங்காலம் நாலு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. 'நள்ளிரவு' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன்.)

பாய்வதற்கு ஒரு ரகசிய வார்த்தை வேண்டுமே? வெள்ளைக்காரனுக்குச் சந்தேகம் வராத வார்த்தையாக, மூன்று நாள் மூளையைக் கசக்கி, 'அண்ணாச்சி' என்று வைத்தேன். வாழைக்காய் வியாபாரி வேஷத்தில் போகும் நம் ஒற்றனைக் காவல்காரன் அப்படிக் கூப்பிட்டதும் பாய வேண்டும். திருநெல்வேலியில் நிமிஷத்துக்கு நாலு பேர் வாயில் வரும் வார்த்தை அது என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அன்றைக்குத்தான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பெண்ணின் அப்பா மகளோடு வந்திருந்தார். மாப்பிள்ளை வேலை பார்க்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்வதாகப் பேச்சு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

அவர் வந்து சேர்வதற்குள் நாற்காலியெல்லாம் நிரம்பிவிட்டது. தலைமையாசிரியர் சுற்றிப் பார்த்தார். கும்பினிக் கூடாரம் காலியாக இருந்தது.

"வாங்க அண்ணாச்சி, இங்கன நிழல்ல இருங்க!"

சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்த எங்களுக்கு ஆள் தெரியவில்லை, வார்த்தை மட்டும்தான் கேட்டது. "பாயுங்கலே!" என்று முதலில் பாய்ந்தவனே நான்தான். கயிற்றை அவிழ்த்தோம். கூடாரம் பொத்தென்று விழுந்தது. வாழைமட்டைக் கத்திகளால் துணிக்கு மேலேயே சாத்து சாத்தென்று சாத்தினோம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாப்ளே! எங்கன இருக்கீரு? ஓடியாரும்வே!"

அதுவரை என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டவர். முதல் தடவையாக 'மாப்ளே'. நான் என்ன செய்திருக்க வேண்டும்? சுவரேறிக் குதித்து வயலுக்குள் ஓடினேன். தளபதி போகிற பக்கம் போகணும் என்று சொல்லிக்கொடுத்திருந்ததால் படை மொத்தமும் பின்னாலேயே வந்தது. முழங்கால் சேற்றில் நின்று ஒருத்தன் கேட்டான்: "சார், அடுத்து யாரை அடிக்கணும் சார்?"

அவரைத் துணிக்குள்ளிருந்து இழுத்து எடுத்தது அவர் மகள்.

மறுநாள் போய்க் காலில் விழுந்தேன். அவர் நெற்றி புடைத்திருந்தது. "அடிச்சது கெடக்கட்டும்வே, பிள்ளைக வெளையாட்டு. தொண்டை கிழியக் கூப்பிடுதேன், ஒரு எட்டு வந்து பாக்கலயே நீரு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் மாமா" என்றேன்.

மனுஷன் கண் கலங்கிவிட்டார். "பாவம், இதையா மனசுல வச்சுக்கிட்டு அலைஞ்சீரு?" என்று பரிதாபப்பட்டே பெண்ணைக் கொடுத்தார்.

வீட்டில் இன்றுவரை நான் 'செவிட்டுத் தளபதி'. பேரன் பேத்திகளுக்கு மாமனாரே கதையை நடித்துக்காட்டுவார். (மனைவி மட்டும் ஒரு தடவை கேட்டாள்: "அது சரி, 'அண்ணாச்சி' மட்டும் எப்படிக் கேட்டிச்சு?" காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.) வருஷா வருஷம் என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போகிறவரும் அவர்தான்.

போன வாரம் நான் பக்கத்தில் இருக்கும்போதே மகளிடம் சொன்னார்: "நல்ல பிள்ளைம்மா. அன்னைக்குக் காது மட்டும் கேட்டிருந்தா, உசுரக் குடுத்து ஓடி வந்திருப்பாரு."

எனக்கு நன்றாகவே கேட்டது.