ஜனவரியில் டானாங்

டானாங் போவது என்று முடிவானபோது யூன் கிசோக்கின் வாயில் பாதி நூடுல்ஸ் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் தலையை ஆட்டிவைத்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம். தேஜோன் நகரில் அவர்களுடைய அலுவலகத்துக்குப் பின்தெருவில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த திரை கோல்ஃப் அறை. பாய்விரிப்பில் நின்று பந்தை அடித்தால் அது எதிரே தொங்கும் பெரிய திரையில் மோதிப் பொத்தென்று விழும். திரைக்குள் இன்னொரு பந்து எங்கேயோ இருக்கும் மைதானத்தில் பறக்கும். அன்றைக்குப் பறந்தது வியட்நாமின் டானாங் கடற்கரையில். பச்சைப் புல், அதற்கு அப்பால் நீலக் கடல், ஓரமாகத் தென்னை. ஆறு வருடமாக ஒவ்வொரு புதனும் இதே அறை, இதே நாலு பேர், இதே கறுப்பு சாஸ் நூடுல்ஸ்.

இயக்குநர் பாங் சோல்ஹோ தன் முறைக்கு எழுந்தார். மட்டையால் இடது காலணியை இரண்டு முறை தட்டி, 'ம்க்கும்' என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். அது இல்லாமல் அவருக்கு ஒரு பந்தும் போகாது. அடித்துவிட்டுத் திரையில் தெரிந்த கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கடலைப் படத்துலயே பாக்கறது. ஒரு தடவை நேர்ல போகணும்யா."

சும்மா சொன்ன பேச்சு. அது காற்றில் கரைந்துபோயிருக்கும். ஆனால் விற்பனைப் பிரிவின் மா தேமன் கைதட்டிவிட்டான். இயக்குநர் எதைச் சொன்னாலும் கைதட்டுவது அவன் வழக்கம், தும்மினாலே தட்டுவான். கணக்குப் பிரிவு இன்பேயும் வேறு வழியில்லாமல் தட்டினார். பாங் ஒரு கணம் முழித்தார், பிறகு சிரித்தார்.

"அப்ப சரி. ஏற்பாடெல்லாம் நம்ம வாத்தியார் பாத்துக்கட்டும். நிஜ மைதானமெல்லாம் அவருக்குத்தானே அத்துப்படி."

வாத்தியார் என்றது கிசோக்கைத்தான். அவன் வாழ்நாளில் ஒரு நிஜ மைதானத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

இது ஒரே நாளில் வந்த வினை இல்லை. மின்தூக்கிக் கதவு செய்யும் அந்தக் கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாகச் சேர்ந்த புதிதில், இதே அறையில் முதல் நாளே பிரமாதமாக ஆடிவிட்டான். "திரையிலேயே இப்படின்னா, மைதானத்துல எவ்வளவு வரும்?" என்று யாரோ கேட்டார்கள். "அங்கே காத்து இருக்கே, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்" என்றான். இவ்வளவுதான் சொன்னான். அடுத்த வாரம் காற்றைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் ஜேஜு தீவின் புல்லைப் பற்றி. பதில் சொல்வதற்காக இரவல் அறிவெல்லாம் தேடிப் படித்து, ஆறே மாதத்தில் வாத்தியாராகிவிட்டான்.

முதல் முறை மைதானத்தில் இறங்குவதை எங்கள் நாட்டு ஆட்கள் 'கொண்டை போடுவது' என்பார்கள். விவரம் தெரிந்த மூத்தவர் ஒருவர் அழைத்துப் போய்ப் பழக்கிவிட வேண்டும். கிசோக்குக்கு நாற்பத்து நாலு வயதாகியும் கொண்டை போடவில்லை. வாத்தியாரான பிறகு எவரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் மனைவி மிசோனுக்கு மட்டும் உண்மை தெரியும்.

"உள்ளதைச் சொல்லிட்டுப் போங்களேன், ஹாயுல் அப்பா. வேலையை விட்டா தூக்கப் போறாங்க?"

வேலை போகாது. புதன்கிழமை போய்விடும். சொந்த ஊர் புசானை விட்டு வந்தவனுக்கு இந்த ஊரில் நண்பர்கள் என்று இருப்பது அந்த மூன்று பேர்தான். வாரம் முழுக்க அவன் காத்திருப்பது அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான். ஆறு வருடம் தங்களை ஏமாற்றியவனுக்கு யார் நூடுல்ஸ் பிரித்துக் கொடுப்பார்கள்?

இரண்டு நாள் தூங்காமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். டானாங்கில் நவம்பரில் அடை மழை. முப்பது நாளில் இருபத்திரண்டு நாள் கொட்டுகிறது. பயணத்தை நவம்பரில் வைத்துவிட்டால் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து சீட்டாடிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். மழைக் கணக்கைப் பெரிய வரைபடமாகப் போட்டு இயக்குநர் முன்னால் வைத்தான். இந்த வருடம் வேறு தேதியில் இடமே இல்லை என்று கூசாமல் புளுகினான்.

பாங் அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப மழைன்னா ஆட்டத்தையே நிறுத்திடுவாங்களோ?"

"வாய்ப்பு இருக்கு சார்."

"ம். பரவாயில்ல. கூட்டம் இருக்காது. போட்டுடு."

கிசோக் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பாட்டு முணுமுணுத்தான். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பயந்தவனுக்கு ஒரு பூட்டு போதாதே. கோல்ஃப் என்றால் நாலு பேர். ஒருவர் குறைந்தால் ஆட்டமே அழகில்லை. அதனால்தான் எங்கள் ஆட்கள் கோல்ஃபுக்கு ஒத்துக்கொண்டால் மாற மாட்டார்கள். வராமல் இருக்க ஒரே காரணம் சொந்தச் சாவு என்று பேச்சு. ஆனால் சாவுக்குச் சமமாக இன்னொன்று உண்டு என்பது கிசோக்குக்கு நினைவு வந்தது. நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு. எழுதும் பிள்ளைகளுக்குச் சத்தம் இடைஞ்சலாகக் கூடாது என்று அன்றைக்கு விமானமே காத்திருந்துதான் இறங்கும். இன்பேயின் மகள் இந்த வருடம் தேர்வு எழுதுகிறாள்.

போய் இன்பேயின் காதில் போட்டான். பிள்ளை பரீட்சை எழுதும்போது அப்பா கடற்கரையில் பந்து அடித்தால் ஊர் என்ன பேசும் என்று நியாயம் கேட்டான். இன்பே அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மகள் மேல் இவ்வளவு பாசமா என்று கிசோக்குக்கே மனசு நெகிழ்ந்துபோயிற்று.

இன்பே அன்றைக்கே இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னார். பாங்கும் மளமளவென்று தலையாட்டினார். பிள்ளைதான் முக்கியம், நாலு பேர் இல்லாமல் போவதில் என்ன இருக்கிறது, இந்த வருடம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம் என்று சொல்லி முடிக்கப் போனார். அந்த நேரத்திலா தேமன் உள்ளே வர வேண்டும்.

"பரீட்சை முடிஞ்சதும் போயிடலாம் சார். ஜனவரி."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டவன் போல நின்றான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. ஜனவரி வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இங்கே எல்லா மைதானமும் உறைந்து கிடக்கும் காலம். அங்கேயோ மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் காலம். கிசோக் தேடிப் பிடித்த மழை கையைவிட்டுப் போயிற்று.

மூன்றாவதாக மணிக்கட்டு. வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி அலுவலகம் போனான். பாங் தன் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"எப்படி ஆச்சு? எந்த இடத்துல வலிக்குது? திடீர்னு வந்துச்சா, படிப்படியாவா? டாக்டர் பாத்தா வெளியில தெரியுமா?"

அவ்வளவு அக்கறையாக எவரும் அவனை விசாரித்ததில்லை. பதில் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாக மனசில் குறித்துக்கொள்வது போலக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. அவருடைய மைத்துனர் மூலிகை வைத்தியர். தேமன் ஆர்வக்கோளாறில் காரை எடுத்துவந்து கிசோக்கை நேரே அங்கே இறக்கிவிட்டான். நல்லாயிருந்த கையில் பதினெட்டு அக்குபங்சர் ஊசி. மூன்று நாள் போனதும் வைத்தியர், இந்தக் கையால் மலையையே பெயர்த்துவிடலாம் என்று சான்று கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கிசோக்கின் கை உண்மையிலேயே வலித்தது. வெளியே சொல்ல முடியவில்லை.

இதற்குள் செய்தி கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. தலைவரே மின்தூக்கியில் பாங்கை நிறுத்தி, படம் எடுத்து வந்து காட்டுங்கள், வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது என்றார். நாலு பேருக்கும் பெயர் பின்னிய ஒரே நிறச் சட்டை தைத்து வந்தது. கிசோக்கின் சட்டையில் பெயர்கூட இல்லை. 'வாத்தியார்' என்று இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மிசோனுக்கே பாவமாகிவிட்டது.

"யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய் ஒரு தடவை ஆடிப் பழகிட்டு வந்துடுங்க. கொண்டையை வெளியூர்ல போட்டா என்ன?"

ஆறு வருடத்தில் அந்த வீட்டில் பேசப்பட்ட முதல் புத்திசாலித்தனமான பேச்சு அது. தெற்கே மூன்று மணி நேரத் தொலைவில், ஹேனாம் பக்கம், கடலோரமாக ஒரு சின்ன மைதானம் கண்டுபிடித்தான். தனி ஆளாக வருகிறவர்களை நாலு நாலு பேராகச் சேர்த்துவிடும் பெண் ஒருத்தி போனில் பேசினாள். தன் பெயரை மறைத்து, மிசோனின் தம்பி பெயரைக் கொடுத்தான். இதுவரை எத்தனை தடவை மைதானத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

கிசோக் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். "ஒரு தடவைகூட இல்லைங்க."

சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் அழுதுவிடுவான் போலிருந்தது. கவலைப்படாதீர்கள், பொருத்தமான ஆட்களோடு சேர்த்துவிடுகிறேன் என்றாள் அவள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. புசானில் சித்தப்பா வீட்டில் திவசம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். ஹேனாமில் கடல்காற்று காதை அறுத்தது. தொப்பி, கண் வரைக்கும் மூடிய துணிமுகமூடி, கழுத்துப்பட்டி. அந்தக் கோலத்தில் பெற்ற தாய்க்கே அவனை அடையாளம் தெரியாது. மட்டைகளை ஏற்றிப் போகும் வண்டியருகே நின்றிருந்த, அவனோடு சேர்த்துவிடப்பட்ட மற்ற மூவரும் அதே கோலத்தில்தான் இருந்தார்கள். குளிருக்கு எல்லோரும் ஒன்றுதானே. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். ஒருவரும் பேச்சை வளர்க்கவில்லை.

ஆட்டத்துக்குத் துணை வரும் பெண் மட்டைகளை எண்ணிச் சரிபார்க்கப் போயிருந்தாள். மூவரில் பருத்தவர் கையைச் சூடேற்றிக்கொள்ள ஒரு மட்டையை எடுத்தார். அதனால் இடது காலணியைத் தட்டினார். ஒரு முறை. இரண்டு முறை.

"ம்க்கும்."

கிசோக் அந்தச் செருமலை ஆறு வருடமாகக் கேட்டவன். ஓடலாம் என்று திரும்பினான். திரும்பிய வேகத்தில் முகமூடி வண்டிக் கம்பியில் மாட்டி, காதிலிருந்து கழன்று வந்துவிட்டது.

"வாத்தியாரே," என்றார் பாங். "திவசம்?"

"சீக்கிரமே முடிஞ்சுடுச்சு சார்."

புசான் எங்கே, ஹேனாம் எங்கே என்று பாங் கேட்கவில்லை. அவர் தம்முடைய முகமூடியை மெல்ல இறக்கி, ஜனவரிக்கு முன்னால் கொஞ்சம் தூசி தட்டிக்கொள்ளலாம் என்று வந்ததாகச் சொன்னார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. குளிர் என்று கிசோக் நினைத்துக்கொண்டான். மூன்றாவது முகமூடி இறங்கியது. உள்ளே தேமன், வழக்கமாகத் தட்டும் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. நாலாவது ஆள் வண்டிக்குப் பின்னால் நழுவப் பார்த்தார். தேமன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இன்பே வந்து நின்றார். தூசி தட்டத்தான் வந்தோம் என்று அவர்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எப்பேர்ப்பட்ட ஆட்கள் என்று கிசோக் மலைத்துப்போனான். அனுபவசாலிகளாக இருந்தும் மூன்று மணி நேரம் வண்டியோட்டி வந்து பழகுகிறார்கள். இவர்கள் நடுவில் தான் ஒருவன் பொய்க்காரன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வாத்தியார் முதல்ல ஆடட்டும்," என்றார் பாங். மற்ற இருவரும் அவசர அவசரமாக வழிமொழிந்தார்கள். இரண்டடி பின்னால் போயும் நின்றுகொண்டார்கள்.

கிசோக் நடந்தான். புல் பாய்விரிப்பு மாதிரி இல்லை. காலுக்குக் கீழே மேடும் பள்ளமுமாக இருந்தது. எதிரே திரை இல்லை. கடல்தான் இருந்தது, அது முடிகிற மாதிரியும் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், பந்து தானாக எழும்பி வரவில்லை. அந்த அறையில் மிஷினே பந்தை உயர்த்தி நிறுத்திவிடும். இங்கே மரமுளையை மண்ணில் நட்டு அதன் தலையில் பந்தைக் கையால் உட்காரவைக்க வேண்டும். நட்டான். சாய்ந்தது. மறுபடி நட்டான். பந்து உருண்டு பாங்கின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்து, எப்படிப் பிடிப்பது என்று யோசிப்பவர் போல இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். மூன்றாவது முறை முளை ஒடிந்தது.

பின்னால் மூவரும் அவன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. போகட்டும், புதன்கிழமை போனால் போகட்டும். முழங்காலில் மண்ணோடு எழுந்து நின்றான்.

"சார், நான் உங்க மூணு பேர்கிட்டயும் ஒரு உண்மையைச் சொல்லணும். ஆறு வருஷமா..."

அதற்குள் துணை வரும் பெண் கையில் ஒரு தாளோடு ஓடிவந்து, அவனிடம் புது முளை ஒன்றை நீட்டினாள்.

"அவசரமே இல்லைங்க ஐயா, நிதானமா நடுங்க, இந்த வண்டியில நாலு பேருமே இன்னைக்குத்தான் கொண்டை போடுறாங்கன்னு எங்க மைதான ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்காங்க."