ஜெபசீலன் சாரின் அறுபத்திரண்டு நிலவுகள்

வாழ்த்துமடல் கவிஞர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. தாம்பரத்தில் ரயிலை விட்டிறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் ஒருவராவது சிக்கிவிடுவார். அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. கல்யாண வரவேற்பில் எல்லாரும் பந்திக்கு எழுந்திருக்கும் நேரம் பார்த்து, மெல்லிசைக் குழுவிடம் மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, கண்ணாடிச் சட்டம் போட்ட மடலொன்றை நெஞ்சோடு அணைத்தபடி மேடையேறுகிறாரே, அவர்தான். பசி அவருக்குத் தெரியாது. உங்கள் பசியும் தெரியாது.

மணப்பெண்ணை அவர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? பெண் உயரமோ குள்ளமோ, மூக்குக்கண்ணாடி போட்டவளோ, பல்லுக்குக் கம்பி கட்டியவளோ, மடலில் அவள் நிலவு.

உதாரணத்துக்கு எங்கள் பீர்க்கன்கரணை ஜெபசீலன் சார். பள்ளியில் அறிவியல் ஆசிரியர். நிலவென்பது காற்றும் உயிரும் இல்லாத, பள்ளம் விழுந்த பாறை, அதற்குச் சொந்த வெளிச்சம்கூடக் கிடையாது என்று பகலில் எட்டாம் வகுப்புக்குப் படம் போட்டு நடத்துவார். மாற்றி எழுதினால் மதிப்பெண்ணும் குறைப்பார். சாயங்காலமானால் அதே பாறையைத் தூக்கிக்கொண்டுபோய் மணப்பெண்ணின் கழுத்துக்கு மேலே வைத்துவிடுவார். இப்படி அறுபத்தொரு பெண்கள். பாட்டு என்னவோ ஒன்றுதான்:

நிலவு முகத்தாள், நீள்மான் விழியாள்,
முத்துப்பல் வரிசையில் மோகச் சிரிப்பாள்,
அன்ன நடையாள், அமுத மொழியாள்...

நாலாவது வரியில் பெயரை மட்டும் மாற்றுவார்.

இவருடைய மனைவி கிருபா அக்கா, தபால் ஆபீசில் வேலை. கல்யாண வெள்ளிவிழாவுக்கு அவர் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. "ஊருக்கெல்லாம் படிக்கிற பாட்டு வேணாங்க. எனக்குன்னு நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்றுதான் கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் இந்த ஒன்றைத்தான் கேட்டிருந்தார். சாரும் வாக்குக் கொடுத்து, ஒரு மாதம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவோ அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

வெள்ளிவிழா ஸ்தோத்திரக் கூட்டம் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில். ஷாமியானா, நூறு நாற்காலி, ஏரிப் பக்கத்துக் கொசு, அடியேன் எல்லாரும் ஆஜர். சார் எழுந்தார். முன்வரிசையில் அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெள்ளி நிலவு முகத்தாள்..."

ஆமாம், ஒரு மாத உழைப்பில் நிலவுக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தார். விழியும் பல்லும் நடையும் போட்டது போட்டபடி வந்தன. மூன்றாம் வரி முடிந்ததும், வழக்கப்படி நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். அங்கேதான் கெட்டது. கோயிலில் போதகர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று சங்கீதம் வாசித்துப் பழகிய ஜனம் அல்லவா? அறுபத்தொரு நிலவுகளில் ஒருத்தியான பொழிச்சலூர் பிளஸ்ஸி, வீட்டு ஹாலில் தினம் தூசி தட்டுகிற மடலாயிற்றே, தன்னையறியாமல் அடுத்த வரியைச் சொல்லிவிட்டாள்.

"பிளஸ்ஸி என்னும் அழகுச் சிலையாள்."

"ஜெரூஷா என்னும் அழகுச் சிலையாள்" என்றது பின்வரிசை. அதற்கும் பின்னாலிருந்து "கோகிலவாணி என்னும்..."

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். கிருபா அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஏன் சிரித்தோம் என்றாகிவிட்டது.

அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். "ஒரு சாட்சி சொல்லணும். எனக்குக் கவிதை வராது, அதனால உள்ளதைத்தான் சொல்ல முடியும். எங்க வீட்டுக்காரர் சிங்கம் கிடையாது. பல்லியைப் பாத்தா கட்டில் மேல ஏறிடுவாரு. குயிலும் கிடையாது. சர்ச் கொயர்ல பாடப் போனா, இவரைக் கும்பிட்டு வெளிய அனுப்பிட்டாங்க. நடை? ஒரு பக்கச் செருப்பு மட்டும் தேயும். இடது முட்டியில தழும்பு இருக்கு. தாம்பரம் ஸ்டேஷன் படியில என் டிபன் பாக்ஸைப் பிடிக்கப் போய் விழுந்தாரு. சோறு சிந்தல, இவருக்குத்தான் மூணு தையல். இதுக்கெல்லாம் சேத்துதான் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்றேன்."

நிறுத்தி, கணவரைப் பார்த்தார். "இப்ப முத்துப்பல்னு படிச்சீங்களே. என் முன்பல்லுல ஒண்ணு முனை உடைஞ்சிருக்கு. எந்தப் பக்கம்?"

கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

சார் மடலைப் பார்த்தார். அதில் இல்லை. மனைவியைப் பார்த்தார்.

"தெரியல கிருபா" என்றார். அந்த மைக்கில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் சொந்த வரி அது.

"சரி, பிரியாணி ஆறுது, எல்லாரும் வாங்க" என்று அக்கா மைக்கை வைத்தார். சாப்பாடு முடியும்வரை அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ஜெபசீலன் சார் தயிர்ப்பச்சடியை இலைக்கு வெளியே ஊற்றியபடி, அக்கா எப்போது சிரிப்பார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. யாருக்காக என்று கேட்டால் அக்காவுக்காகத்தான்.

நீங்கள் கவிஞர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வாழ்க்கைத்துணையின் போன பிறந்தநாளுக்கு நிலவுப் படம் போட்ட நாலு வரியை யாருக்கோ வந்ததிலிருந்து எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியது மட்டும் யார்? போகட்டும். அவருடைய பல்லில் ஏதாவது உடைந்திருக்கிறதா? ஏன் அடுத்த அறையை எட்டிப் பார்க்கிறீர்கள்?

வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள். அன்று வீடு திரும்பியதும் நானும் அதைத்தான் செய்தேன். "இன்னா அப்படிப் பாக்குறீங்க? மூஞ்சில எதுனா கீதா?" என்றாள் என் மனைவி.

இருந்தது. இடது கன்னத்தில், ஒரு மச்சம்.