உருளும் பொருள் ஒன்று

இல்லை பெரியப்பா, நான் புதுக் கார் வாங்கவில்லை. இங்கே குனோங் ராபாட்டில் யார் சொல்லியிருந்தாலும் அது பொய்.

வணக்கம். முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எனக்கு ஓட்டக் கொடுத்த கார் பத்திரமாக இருக்கிறது. இப்போதைக்கு எங்கும் போகாது.

தப்பு என்னுடையதுதான். போன வாரம் அதைக் கழுவினேன்.

எங்கள் பாலர் பள்ளித் தலைமையாசிரியை புஷ்பலதாவுக்கு என் பாடமுறை பிடிக்கவில்லை. பலகையைச் சாய்த்துக் கோலி விடுவது, கயிறு இழுப்பது எல்லாம் அவருக்குச் சத்தம். "வெள்ளிக்கிழமை அப்பா அம்மாலாம் வந்து பாக்கட்டும் பிரமிளா. பிள்ளைங்க ஒன்னும் படிக்கலன்னா திங்கட்கிழமையிலிருந்து எழுத்து வேலைதான் லா," என்றார். ஐந்து வயதுப் பிள்ளைகள் 'விசை' என்ற சொல்லைப் பத்து முறை எழுதுவார்கள். நகராமல்.

ஆகவே பெற்றோர் வாட்சப் குழுவில் எழுதினேன்: 'வெள்ளிக்கிழமை, சக்கரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். உருளும் பொருள் ஒன்று கொடுத்தனுப்பவும்.'

வெள்ளிக்கிழமை. சக்கரம். பளபளவென்று கார். புதுக் கார் பூசை என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

பதினெட்டுப் பிள்ளைகள். பதினான்கு எலுமிச்சம்பழம், இரண்டு தேங்காய், ஒரு பூசணிக்காய். நஸ்ரியா மட்டும் பந்து கொண்டுவந்தாள். ஷர்வினின் அப்பா கனகராஜ் கற்பூரத்தோடு வந்தார்.

"புது காடி வாங்கினா சொல்லணும்லா டீச்சர்."

"புதுசு இல்லண்ணே. பெரியப்பா காடி."

"உங்களுக்குப் புதுசுதானே? கூச்சப்படாதீங்க."

நான் வாய் திறப்பதற்குள் நான்கு டயருக்கும் பழம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்துவிட்டார். பெற்றோர்கள் கும்பிட்டார்கள். தலைமையாசிரியையும் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது பெரியப்பா, அதற்குத்தான் என்னை மன்னிக்க வேண்டும்: இதையே பாடமாக்கிவிடலாமே என்று கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விட்டு, வெளியே இறங்கி நின்று, "தள்ளுங்க பிள்ளைங்களா, இதுதான் விசை" என்றேன்.

தள்ளினார்கள். நான்கு பழமும் நசுங்கின. எல்லாரும் கைதட்டினார்கள்.

கார் நிற்கவில்லை. எங்கள் வாசல் மழைநீர்க் கால்வாய்ப் பக்கமாகச் சரிவு. செவ்வாய்க்கிழமை கோலியை விட்டு அதைக் கண்டுபிடித்ததே நான்தான்.

முன்சக்கரம் இரண்டும் கால்வாயில் இறங்கின. பின்னாலேயே ஒரு தேங்காயும் உருண்டு போனது. யாருக்கும் அடியில்லை.

"டீச்சர், நாங்க தள்ளுறத நிறுத்திட்டோம். அது நிக்கலயே," என்றான் ஷர்வின்.

"தரை சாஞ்சிருக்குடா. என் பந்தும் அங்கதான் போச்சு," என்றாள் நஸ்ரியா.

"அப்ப டயருக்கு முன்னால கல்லு வச்சிருக்கணும்," என்றான் ஷர்வின்.

இரண்டு மாதப் பாடம், மூன்று வரியில்.

"திருஷ்டி டீச்சர். பூசணிக்காய மொதல்ல ஒடச்சிருக்கணும்," என்றார் கனகராஜ்.

தலைமையாசிரியை காரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிருச்சு. டீச்சருக்குத்தான் புரியல. திங்கட்கிழமை என்ன செய்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க," என்றார்.

முடிவு செய்துவிட்டேன். எழுத்து வேலைதான். கோலிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சித்தியவானுக்கு வந்து காரை உங்கள் வாசலில் விட்டுவிடுகிறேன். பெரியம்மாவுக்கு என் வணக்கம். இருவரும் என்னைத் திட்டிய பிறகு வாழ்த்தவும்.

அன்பு மகள்,
பிரமிளா

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர இயலாது. கார் இன்னும் கால்வாயில்தான் இருக்கிறது. இழுவை லாரிக்காரர் நாளைக் காலையே வருவதாகச் சொன்னார். வேண்டாம், திங்கட்கிழமை பத்து மணிக்கு வாருங்கள், அப்போதுதான் பிள்ளைகள் பால் குடித்து முடித்திருப்பார்கள் என்றேன். தள்ளுவதைப் பார்த்துவிட்டார்கள், இழுப்பதைப் பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து கோலிகளை எண்ணி வெளியே வைத்தேன்.