பொழுது சாயட்டும் என்றார் சாட்சி மாமா

மயிலாப்பூரில் குடியிருந்தவர்களிலேயே மிக அதிகமாக உண்மை பேசியவர் யார், மிக அதிகமாகப் பொய் பேசியவர் யார் என்று இரண்டு போட்டிகள் வைத்திருந்தால், இரண்டு கோப்பைகளையும் ஒரே ஆள்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பார். உண்மைக்கான கோப்பையைப் பகலில் வந்து வாங்கிக்கொண்டிருப்பார். மற்றதை விளக்கு வைத்த பிறகு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் வாங்கும்போது தவிர அதை யாரும் உபயோகித்ததில்லை. எங்களுக்கு அவர் சாட்சி மாமா. எழுபதுகளின் தொடக்கத்தில் தேனாம்பேட்டையில் ஒரு மின்விசிறிக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. என் எதிர் மேஜை மாமாவுடையது. மயிலாப்பூரில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்கு நேர் கீழே இருந்த போர்ஷனும் அவருடையதே. ஆக, பல் தேய்ப்பதிலிருந்து படுக்கப் போகும்வரை அவர் கண்ணில் படாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது.

சூரியனுக்குச் சாஸ்திரத்தில் கர்மசாட்சி என்று ஒரு பெயர் உண்டு. நாம் செய்கிற நல்லது கெட்டது அத்தனையையும் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பவன் என்று அர்த்தம். உபன்யாசத்தில் இதைக் கேட்டால் நாமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து செருப்பைத் தேடுவோம். மாமா இதை மேலதிகாரி அனுப்பிய உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். சூரியன் உதித்ததிலிருந்து மறைகிறவரை கடுகளவு பொய்யும் சொல்ல மாட்டார். சாட்சி டியூட்டி முடிந்து போன பிறகு தடையில்லை.

இதில் ஓட்டை இருக்கிறதா என்று நான் தட்டிப் பார்க்காமல் இல்லை. மேகம் மூடினால் என்ன என்று கேட்டேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது கேட்காதா என்றார். கிரகணத்தன்று? ராகு வாயில் மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறவனை அந்தச் சமயம் பார்த்து ஏமாற்றுவது மகாபாவம் என்றார். சரி, ராத்திரியில் சந்திரன் பார்க்கிறதே என்றேன். அதற்கும் தயாராக இருந்தார்.

"சந்திரன் மனசுக்கு அதிபதிடா. நம்ம மனசுக்குத் தெரியாமலா பொய் சொல்றோம்? அவன் நம்ம கட்சி."

ஆபீசில் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. பகலில் யாராவது போன் செய்து, பதிவு செய்த மின்விசிறி எப்போது வரும் என்று கேட்டால், "அதை இன்னும் செய்யவே ஆரம்பிக்கலை சார்" என்பார் மாமா. நன்றாக ஓடுமா என்று கேட்டால், சத்தம் நன்றாக வரும், காற்றைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்பார். மானேஜர் தலையில் அடித்துக்கொண்டு போனை அவர் மேஜையிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார். ஆனால் மானேஜர் கெட்டிக்காரர். இருட்டியதும் போனைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாமாவிடம் போவார். அப்போது பார்க்க வேண்டும் மாமாவை. உங்கள் மின்விசிறியை லாரியில் ஏற்றியாகிவிட்டது, கயிறு கட்டுகிறார்கள், டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்று நேரில் பார்க்கிற மாதிரி சொல்வார். பகலெல்லாம் அடக்கி வைத்தது அப்படிப் பொங்கி வரும்.

நான் ஒரு நாள் தாமதமாக வந்து, பஸ் டயர் பஞ்சர் என்று மானேஜரிடம் கதை விட்டுக்கொண்டிருந்தேன். மாமா ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சூரியன் ரதத்துக்கு ஒத்தைச் சக்கரம். சாரதிக்குத் தொடைக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது. ஒரு நாள் லேட்டா வந்திருக்கானா?"

எங்கள் தெருவில் பெண் பார்க்க யார் வருவதாக இருந்தாலும் விளக்கு வைத்த பிறகே வரச் சொல்வார்கள். வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், முதல் வாசல் மாமாவுடையது. பெண் பாடுவாளா என்று பகலில் கேட்டால், "பாடுவா, அதான் சங்கடம்" என்று சொல்லக்கூடிய மனிதர். அதே பெண்ணின் பாட்டைப் பற்றி இருட்டிய பிறகு விசாரித்தவர்களிடம் சபாவில் மேடை கிடைக்காததுதான் குறை என்று அளந்து, கல்யாணத்தை முடித்து வைத்ததும் அவர்தான்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவர் அலமேலு மாமி. குழந்தைகள் இல்லை. மாமி புதுப்புடவையைப் பகலில் கட்ட மாட்டார். ராத்திரியில் மாமா ஆகா ஓகோ என்று புகழ்ந்தால், "ம், இருட்டிடுத்தோன்னோ, சொல்லுங்கோ" என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா தானாகவே ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மாமி அந்தச் செய்தியை மாடிக்கு ஏறி வந்து என்னிடம் சொல்லிவிட்டு, எதிர் வீட்டுக்கும் போய்ச் சொன்னார்.

அந்த மாமிக்கு ஒரு கார்த்திகை மாதம் வயிற்றில் கட்டி என்று தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் மாமாவைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப் போய், இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், இருக்கிறவரை தைரியம் சொல்லிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டார்.

மாமா நேரே ஆபீசுக்கு வந்தார். என்னை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அவ கேப்பாடா. நேரா என் மூஞ்சியைப் பாத்து, பொழைப்பேனான்னு கேப்பா. பகல்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

இந்த ஒரு தடவை சொன்னால் என்ன என்றேன். சொல்ல வராது என்றார். சரி, வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள் என்றேன். முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. சாஸ்திரத்தில் இதற்கு விலக்கு இல்லாமலா இருக்கும் என்று கத்தினேன். மாமா அடுத்த நாளிலிருந்து லீவு எழுதிக்கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களுக்கு நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அனுமதி. மாமா நாலு மணிக்கே போய்விடுவார். போய், எதிரில் இருந்த பஸ் ஸ்டாப்பில் நிற்பார். பொழுது சாய்ந்த பிறகே உள்ளே போவார். கார்த்திகையில் ஆறுக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் அவருக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில், டாக்டருக்கே ஆச்சரியம், கட்டி கரைகிறது, தை பிறந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மின்விசிறியை லாரியில் ஏற்றிய அதே சரளத்தோடு சொல்லிவிட்டு வருவார்.

வாசல் காவல்காரருக்கு இது விளங்கவே இல்லை.

"இன்னா சாமி, நாலு மணிக்கே கேட்டு தொறந்துதான் கீது. உள்ள போவாம வானத்தையே பாத்துக்கினு நிக்கிறியே?"

ஒரு சனிக்கிழமை அரை நாள் என்பதால் நான் நாலு மணிக்கு மாமியைப் பார்க்கப் போனேன். கட்டில் ஜன்னலோரம் இருந்தது. மாமி மிகவும் இளைத்திருந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ பார், நிக்கறார். பொழுது சாயறதுக்கு நிக்கறார். எனக்கு என்னன்னு அப்பவே தெரிஞ்சுடுத்து. அவர்கிட்ட சொல்லிடாதே. நான் நம்பறேன்னு நெனச்சுண்டு இருக்கட்டும்."

சரி என்று தலையை ஆட்டினேன்.

மார்கழி போகப் போகப் பொழுது நீள ஆரம்பித்தது. உத்தராயணம் வரப்போகிறது, தேவர்களுக்கு விடியப்போகிறது என்று வருஷா வருஷம் குதூகலமாகப் பேசுகிறவர் மாமா. அந்த வருஷம் பஞ்சாங்கத்தில் அஸ்தமன நேரத்தைப் பார்த்துப் பார்த்து வாடிப்போனார். அஸ்தமனம் ஆறு மணியை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. போகியன்று வெளிச்சம் போய் மாமா ரோட்டைத் தாண்டி ஓடினார். படியேறும்போதே மணி அடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். மாமியைப் பார்க்காமலே திரும்பி வந்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பொங்கல். சூரியனுக்கே உரிய நாள். மொட்டை மாடியில் கோலம் போட்டு, கரும்பு சாத்தி, மாமா தனியாளாகப் பொங்கல் வைத்தார். நைவேத்தியம் ஆனதும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, "வா" என்று என்னை அழைத்தார். பண்டிகை என்று ஆஸ்பத்திரியில் காலையிலும் விட்டார்கள். வெயில் நேரே மாமியின் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. மாமா அந்த வெயிலிலேயே போய் நின்றார். மாமி ஒன்றும் கேட்கவில்லை. மாமாவாகவே சொன்னார்.

"உனக்குச் சரியாயிடுத்துடி. இன்னும் கொஞ்ச நாள்ல ஆத்துக்குப் போயிடலாம்."

மாமி அவரைப் பார்த்துச் சிரித்து, பொங்கலைக் கொடுங்கோ என்று வாயைத் திறந்தார். மாமா கை கழுவ வெளியே போனதும் மாமி என் பக்கம் திரும்பினார்.

"எனக்காகப் பகல்லயே பொய் சொல்லிட்டார்டா." வைரத் தோடு வாங்கிக் கொடுத்த மாதிரி அப்படி ஒரு பெருமை அந்த முகத்தில்.

தை முடிவதற்குள் மாமி போய்விட்டார். அதன் பிறகு மாமா காலையில் மாடிக்கு வந்து சூரியனுக்கு அர்க்கியமாக நீர் விடுவதை நிறுத்தினார். பகலில் வீட்டிலும் ஆபீசிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபீசில் போன் மறுபடி என் மேஜைக்கே வந்தது, ராத்திரியிலும். ஏன் இப்படி என்று ஒரு நாள் நான் கேட்டதற்கு, பகலில் சொன்னதால்தானே அவள் நம்பினாள், என் பேச்சுக்கு அவள் வைத்திருந்த மதிப்பை வைத்தே அவளை ஏமாற்றி அனுப்பிவிட்டேன் என்றார்.

மாமாவிடம் சொல்ல மாட்டேன் என்று மாமிக்குத் தலையாட்டியவன் நான். ஆனாலும் மாமாவை அப்படிப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. இருட்டிய பிறகு சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று தள்ளிவிடுவார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடு மத்தியானத்தில் அவரை வற்புறுத்தி மொட்டை மாடிக்கு இழுத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல் வழியாக மாமி கை நீட்டிக் காட்டியதை, நம்புகிற மாதிரி இருந்ததை, பொங்கலன்று பெருமைப்பட்டதை.

அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரியுமா? மொதல்லேர்ந்தேவா?"

"தெரியும் மாமா."

"அப்ப நான் நாலு மணிக்கே உள்ள போயிருக்கலாமேடா. தெனம் அவ பக்கத்துல உக்காந்திருக்கலாமே."

வெயில் உறைத்தது. கீழே போகலாம் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டு, அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.