எங்களுக்கு முயல் என்று பெயர் வந்த விதம்

ஆம்ஸ்டர்டாம்,
18 டிசம்பர் 1811, புதன்

ஹார்லெம் நகரில் நூற்றிருபது வயது வாழப்போகும் மதிப்புக்குரிய சம்பந்தி ஹார்டோக் அவர்களுக்கு, கசாப்புக்கடை மோர்டெகாய் பணிவுடன் எழுதுவது. இங்கே என் மூட்டுவலி தவிர எல்லோரும் சுகம்.

"முயல் வீட்டுப் பெண் எங்கள் வாசல் மிதிக்கக்கூடாது" என்ற உங்கள் சீட்டு வந்தது. என் மகள் ரோஸ்யே இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நடந்ததைக் கேளுங்கள். எல்லோரும் குடும்பப்பெயர் பதிய வேண்டும் என்பது பேரரசர் உத்தரவு. எனக்குக் கொடுத்த நாளோ சனிக்கிழமை, நம் யூதர் ஓய்வுநாள், பேனாவைத் தொடக்கூடாது, இன்னொருவனை எழுதச் சொல்லவும் கூடாது, ஆனால் ஜாடை காட்டலாம், குளிரில் "அடுப்பை மூட்டு" என்னாமல் "ஊதக்காத்து அடிக்குதே" என்போமே, அப்படி. அடுத்த வீட்டுக் கிறிஸ்தவ ரொட்டிக்காரர் வில்லெமைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், "வில்லெம், நம்ம தெருவுல ஒரு வாசலுக்கு மேல கல்லுல ஒரு மிருகம் இருக்கே, என்ன கம்பீரம்" என்று பெருமூச்சு விட்டேன். நான் சொன்னது சோப்புக்காரர் வாசல் சிங்கத்தை. வில்லெம் எழுதிக் கொடுத்தது என் வாசல் முயலை. டெ ஹாஸ், அதாவது முயல். எனக்கு நம் எழுத்து தவிர வேறு எழுத்து தெரியாதே, தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் விஷயம் தெரிந்து சண்டைக்குப் போனால், "சிங்கம்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேய்யா" என்கிறார். "சொல்லக்கூடாதுங்கறதுதானய்யா விஷயமே" என்றேன். முயல் நமக்கு ஆகாத மாமிசம் என்று கசாப்புக்காரனுக்கா தெரியாது? வருகிறவளெல்லாம் "இன்னிக்கு யாரை அறுத்தீங்க, உங்க தம்பியையா?" என்று கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா காலில் விழுந்தாவது சிங்கமாக மாற்றிவிடுகிறேன், வாசல் கல்லுக்குச் சுண்ணாம்பும் அடிக்கிறேன். கல்யாணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். என் பெண் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் விளக்கும் ரொட்டியும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மோர்டெகாய்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ரோஸ்யேயும் உங்கள் மகன் சிமோனும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நமக்குத் தெரியாமல் கல்யாணம் பதியப் போயிருக்கிறார்கள். "உங்க குடும்பப்பேரு?" என்று குமாஸ்தா கேட்க, "எங்கப்பா இன்னும் பேரே வைக்கல, இந்தப் பேரரசர் எத்தனை நாளைக்குங்கறாரு" என்றிருக்கிறான் சிமோன். "பேரில்லாம கல்யாணம் எழுத முடியாது." "அப்ப இவ பேரையே போடுங்க." மகனுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று கிடையாதாம், உங்களையும் சேர்த்தே எழுதிவிட்டார். இனி மாற்றினால் கல்யாணச் சீட்டு செல்லாது என்பதால் நான் மாற்றப்போவதில்லை, சுண்ணாம்பும் மிச்சம். உறைமேல் உங்கள் புதுப்பெயரைத்தான் எழுதச் சொன்னேன். தபால்காரர் "டெ ஹாஸ் வீடு எது?" என்று கேட்டால் வளைக்குள் ஒளியாமல் வந்து வாங்கிக்கொள்ளவும்.